புரியாத பார்வையாளர், எண் பன்னிரண்டு

இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் கருத்துக் கேட்கிறார்கள். செருப்பு வாங்கிக்கொண்டு தெருமுனை திரும்புவதற்குள் செருப்பு எப்படி இருக்கிறது என்று போன் வருகிறது. பல்லைப் பிடுங்கிவிட்டு, வாயில் பஞ்சு இருக்கும்போதே, பிடுங்கியது எப்படி இருந்தது என்று ஒரு பெண் அட்டையை நீட்டுகிறாள். அதில் ஐந்து முகங்கள். அழுகிற முகத்தில் தொடங்கி இளிக்கிற முகம் வரை. பல் போனவன் எதைத் தொட்டுக் காட்டுவான்? சரி, கேட்டுவிட்டாளே என்று அழுகிற முகத்தைத் தொட்டால், "ஏன் அப்படிச் சொல்றீங்க, நல்லாத்தானே பிடுங்கினோம்?" என்று சண்டைக்கு வருகிறாள். என்ன சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிறவர்கள் என்னை எதற்குக் கேட்க வேண்டும்? நான் வேலையில் இருந்த முப்பத்தோரு வருடத்தில் ஒரு மனிதன் என் கருத்தைக் கேட்டதில்லை. இரண்டு பக்கமும் நிம்மதியாக இருந்தது.

இந்த வியாதி முற்றிப்போன இடம் பண்டைப் பெருமை வாரியம். ஏழு மாடிக் கட்டடம். என் மகள் அங்கே மூன்றாவது மாடியில் கடிதப் பிரிவில் இருக்கிறாள்.

நம் முன்னோர்களின் பெருமையைத் தோண்டியெடுக்கத்தான் அந்த வாரியத்தை ஆரம்பித்தார்கள். பதினான்கு வருடம் தோண்டினார்கள். ஒரு பானை ஓடு கிடைத்தது. அதற்குக் கண்ணாடிப் பெட்டி செய்து, உள்ளே விளக்குப் போட்டு, பக்கத்தில் ஒரு காவலாளியை நிறுத்தினார்கள். மூன்றாம் நாள் அந்தக் காவலாளி குனிந்து பார்த்துவிட்டு, இது போன வருடம் நான் போட்டு உடைத்த தண்ணீர்ப் பானை என்றான். அவனை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். ஓடு இன்னும் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு வாரியத் தலைவர் ஒரு கூட்டம் போட்டுப் பேசினார். பேச்சை அச்சடித்து ஊழியர் எல்லோருக்கும் கொடுத்தார்கள். மகள் வீட்டுக்குக் கொண்டுவந்ததை நானும் எழுத்துக்கூட்டிப் படித்தேன். "நமக்கு ஒரு மாபெரும் நாகரிகம் இருந்திருக்க வேண்டும் என்பதில் வாரியத்துக்கு ஐயமில்லை. அது கிடைக்கவில்லை என்றால் அது மண்ணின் குற்றம். மண் தர மறுப்பதை நாமே எழுதிக்கொள்வோம்."

எழுதிக்கொண்டார்கள். தலைமை எழுத்தாளர் ஒருவர், அவருக்குக் கீழே மூன்று எழுத்தாளர்கள். குளிரூட்டிய அறையில் ஒன்றரை வருடம் உட்கார்ந்து ஐயாயிரம் வருடத்து நாகரிகம் ஒன்றை எழுதி முடித்தார்கள். 'நீர் உறங்கும் நகரம்' என்று பெயர் வைத்து வாராவாரம் டிவியில் போட்டார்கள்.

கதை இதுதான். கடலோரத்தில் ஒரு நகரம். மேட்டில் மேல்நகரம், பள்ளத்தில் கீழ்த்தெருக்கள், நடுவில் ஒரு பெருங்கதவு. மேல்நகரத்தில் நூறு சான்றோர். எல்லோருக்கும் வெள்ளை அங்கி. வேலை என்று ஒன்றும் கிடையாது, பேசுவார்கள். நட்சத்திரத்தைப் பற்றிப் பேசுவார்கள், நீதியைப் பற்றிப் பேசுவார்கள், பேச்சைப் பற்றிப் பேசுவார்கள். அந்த வெள்ளை அங்கிகளை வெளுக்கிறவர்களும், சாப்பாடு சமைக்கிறவர்களும், சாக்கடை தள்ளுகிறவர்களுமாக நாலாயிரம் பேர் கீழ்த்தெருக்களில் இருந்தார்கள். அவர்களுக்கு வசனம் இல்லை.

ஒருநாள் கடல் ஏறுகிறது. கீழ்த்தெரு ஜனங்கள் வந்து கதவைத் தட்டுகிறார்கள். கதவைத் திறக்க நூறு சான்றோரின் முத்திரையும் வேண்டும் என்பது சட்டம். அவை கூடுகிறது. டிவியில் இது ஒன்பது வாரம் ஓடியது. முதல் மூன்று வாரம், கதவு முறையாகத் தட்டப்பட்டதா என்று விவாதம். அடுத்த மூன்று வாரம், கோரிக்கையை எழுத்தில் தர வேண்டும், அதுவும் நனையாத ஓலையில் தர வேண்டும் என்று விவாதம். கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறவன் நனையாத ஓலைக்கு எங்கே போவான்? கடைசி மூன்று வாரத்தில் தொண்ணூற்றொன்பது பேர் முத்திரை வைத்துவிட்டார்கள். நூறாவது ஆள் ஜலதோஷத்தில் படுத்திருந்தார். அப்போது கதவைக் காக்கிற ஒருவன், எவனையும் கேட்காமல், சக்கரத்தைச் சுற்றிக் கதவைத் திறந்துவிட்டான். ஜனம் மேலே ஓடியது. பின்னாலேயே தண்ணீரும் வந்தது. சான்றோர் நூறு பேரும் இருந்த இடத்தைவிட்டு அசையாமல், முகத்தில் ஒரு சாந்தத்தோடு மூழ்கினார்கள். "ஒருவனின் கீழ்ப்படியாமை ஒரு பொற்காலத்தை விழுங்கியது" என்று கனத்த குரலில் ஒருவர் சொல்ல, தொடர் முடிந்தது.

எழுதினவர்கள் நினைத்தது, ஜனம் அழும் என்று.

நான் கடைசி வாரத்தைச் சவரக் கடையில் பார்த்தேன். கடைக்காரர் என் ஒரு கன்னத்தை மட்டும் வழித்துவிட்டுக் கத்தியை நீட்டியபடி டிவிக்கு முன்னால் நின்றார்.

"டேய், திறடா! எவன்கிட்டயும் கேட்காத, திறடா!"

"யோவ், முதல்ல இந்தக் கன்னத்தை முடிய்யா."

"இருங்கண்ணே. கன்னம் எங்கயும் ஓடிடாது. அங்க புள்ளைங்களைத் தூக்கிட்டு நிக்குறாங்க பாருங்க."

கதவு திறந்தபோது கடையில் இருந்த அத்தனை பேரும் விசிலடித்தார்கள். சான்றோர் மூழ்கியபோது இன்னொரு தடவை அடித்தார்கள். "அந்த மூக்கு நீண்டவன் போயிட்டானா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்க, "தாடி வரைக்கும் தண்ணி வந்துடுச்சு, பொறுமையா இருங்க" என்றார் கடைக்காரர்.

ஊர் முழுக்க இதே கதைதான். அந்தக் கதவைத் திறந்தவனுக்குத் தொடரில் என்ன பெயர் என்று ஒருவருக்கும் தெரியாது, எல்லோரும் கதவுக்காரன் என்றே சொன்னார்கள். நடிக்க வந்த நடிகர் அந்தக் கனமான சக்கரத்தைச் சுற்ற மாட்டேன் என்று கோபித்துக்கொண்டு போய்விட்டதால், கதவைச் செய்த தச்சரையே நிறுத்திச் சுற்றவைத்திருக்கிறார்கள். அவர் உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டு, காலை ஊன்றி, மூச்சைப் பிடித்துச் சுற்றினார். அத்தனை வாரத்தில் அந்தத் தொடரில் ஓர் ஆள் உருப்படியாக ஒரு வேலை செய்து பார்த்தது அதுதான் முதல் தடவை. எங்கள் தெருப் பிள்ளைகள் அதை விளையாட்டாக ஆடினார்கள். ஏழு பேரும் கதவுக்காரன்தான் ஆவேன் என்றார்கள். சான்றோராக உட்கார ஒரு பிள்ளை கிடைக்கவில்லை. சுவரோரமாகப் பழைய தலையணைகளை அடுக்கிவைத்து, இதுதான் சான்றோர் என்று வைத்துக்கொண்டார்கள். பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

வாரியம் பதறிப்போனது. "நம் முன்னோர்கள் அவமதிக்கப்படுகிறார்கள்" என்று தலைவர் அறிக்கை விட்டார். அந்த முன்னோர்களுக்கு அப்போது இரண்டு வயதுகூட ஆகவில்லை.

மறு ஒளிபரப்பு செய்தார்கள். இந்தத் தடவை கதவுக்காரன் வரும்போதெல்லாம் திரையின் அடியில் "இவர் கெட்டவர்" என்று எழுத்து ஓடியது. ஜனம் அதைப் படித்துவிட்டு, யாரோ வேண்டாதவன் எழுதியிருக்கிறான் என்றது. அடுத்த தடவை தச்சரின் முகத்தில் ஒரு தழும்பு வரைந்தார்கள். எந்தப் பாவி இவனை இப்படி அடித்தான் என்று பெண்கள் பரிதாபப்பட்டார்கள். பிறகு அவன் குடிப்பதுபோல் ஒரு காட்சியைச் சேர்த்தார்கள். அந்தச் சக்கரத்தைச் சுற்றுகிறவனுக்கு உடம்பு வலிக்காதா, கொஞ்சம் குடித்தால் என்ன என்றார் சவரக் கடைக்காரர். அவர் குடிப்பவர்களைக் கடைக்குள்ளேயே விடாதவர்.

இதற்குள் என் மகளின் மேசையில் கடிதங்கள் மலையாகிவிட்டன. அவளுக்கு இரண்டு பைகள் கொடுத்திருந்தார்கள். ஒன்றில் "புரிந்துகொண்டவை", மற்றதில் "புரியாதவை" என்று எழுதியிருந்தது. புரியாதவைக்குப் பதினேழு பைகள் மாற்றியாயிற்று. புரிந்துகொண்டவைப் பையில் ஒரே ஒரு கடிதம். அது தலைவரின் மாமியார் எழுதியது.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்பது வருடமாக அங்கே தற்காலிக வேலை. எண்பத்தொன்பது நாளுக்கு ஒருமுறை வேலையைவிட்டு நீக்கிவிட்டு, ஒருநாள் கழித்து மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். தொண்ணூறு நாள் தொடர்ந்து இருந்தால் நிரந்தரம் ஆக்க வேண்டுமாம். அந்த இடைப்பட்ட ஒருநாள் அவள் வீட்டில் இருக்கிற விதத்தைப் பார்க்க முடியாது. காலையிலேயே குளித்து, தலைவாரி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். சாப்பிட மாட்டாள். நாளைக்குக் கூப்பிடுவார்களா, மாட்டார்களா? முப்பத்தாறு தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். முப்பத்தேழாவது தடவையும் அதே பயம்தான்.

ஒருநாள் அவள் வேலையிலிருந்து வந்ததும் நேராக என் எதிரில் உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்தால் ஏதோ வேண்டும் என்று அர்த்தம்.

"அப்பா, என் நிரந்தர உத்தரவு டைப் ஆயிடுச்சு. தலைவர் மேசையில இருக்கு."

"கையெழுத்து?"

"அதுக்குத்தான் வந்தேன். மேல அமைச்சகத்துக்கு ஒரு அறிக்கை போகணுமாம். பன்னிரண்டு பார்வையாளர் தொடரைப் பார்த்து, நகரம் உயர்ந்தது, கதவைத் திறந்தவன் கெட்டவன்னு சொல்லணும். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டும் சரியா இருக்கணும். வெளியாளை நம்ப முடியாதுன்னு ஊழியர் வீட்டு ஆளுங்களையே கூட்டிட்டு வரச் சொல்லிட்டாங்க. எங்க பிரிவுக்கு நீதான்."

"உங்க அத்தை?"

"அத்தை கதவுக்காரனுக்குப் பொண்ணு பார்த்துட்டு இருக்காங்க."

நான் யோசித்தேன். அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு நாள்ப்பா. நீயா ஒண்ணும் சொல்ல வேணாம். கொடுக்குற தாள்ல டிக் அடிச்சிட்டு, பிஸ்கெட் கொடுப்பாங்க, வாங்கிட்டு வந்துடு."

போனேன். நீளமான மேசை, பன்னிரண்டு நாற்காலி, பன்னிரண்டு படிவம். முதல் கேள்வி: நகரத்தின் நாகரிகம் எத்தகையது? மிக உயர்ந்தது, மிக மிக உயர்ந்தது, சொல்ல வார்த்தை இல்லை. மூன்றில் ஒன்றுக்கு டிக் அடிக்க வேண்டும். இரண்டாவது கேள்வி: நகரம் அழிந்தது யாரால்? கதவுக்காரனால், கதவைத் திறந்தவனால், இருவராலும். மற்ற பதினோரு பேரும் பிஸ்கெட் வருவதற்குள் முடித்துவிட்டார்கள்.

நானும் முடித்துவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் படிவத்தின் அடியில் "பார்வையாளரின் சொந்தக் கருத்து" என்று நாலு வரி இடம் விட்டிருந்தார்கள். கோடு போட்டு இடம் விட்டுவிட்டு எழுதாதே என்றால் எப்படி?

நான் தண்ணீர்க் குழாய் வேலையில் இருந்தவன். வால்வு திறப்பதும் மூடுவதும் என் வேலை. ஒருதடவை ஒரு தெருவில் பெரிய குழாய் வெடித்து வீடுகளுக்குள் தண்ணீர் போனது. மேலதிகாரியின் உத்தரவு வந்த பிறகுதான் மூட வேண்டும் என்பது விதி. அவர் ஒரு திருமணத்தில் இருந்தார். நான் மூடிவிட்டேன். மறுநாள் உத்தரவில்லாமல் மூடியது ஏன் என்று கேட்டு மெமோ வந்தது. அந்தத் தெருவில் எவரும் மெமோ அனுப்பவில்லை. இதெல்லாம் நினைவுக்கு வந்து தொலைத்ததால், அந்த நாலு வரியில் எழுதினேன்: "கதவு இருப்பதே திறக்கத்தான். திறந்தவன் செய்தது சரி. மற்ற நூறு பேரும் தண்டம்."

எழுதியது சரி, படிவத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டிருக்கலாம். கொடுத்துவிட்டேன்.

மறுநாளே எனக்கு ஒரு கடிதம் வந்தது. உறையின் மேல் என் பெயருக்குப் பதில் "புரியாத பார்வையாளர், எண் பன்னிரண்டு" என்று இருந்தது. எனக்குப் புரிதல் வகுப்பு ஏற்பாடாகியிருக்கிறதாம். மகள் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தட்டை வைக்கும்போது பேசினாள்.

"உனக்கு என்னப்பா, அது வெறும் கதை. அந்த நூறு பேரும் உன்னை என்ன செஞ்சாங்க?"

"வெறும் கதைன்னா அவனுங்க ஏன் இந்தக் குதி குதிக்கிறானுங்க?"

"அவங்க குதிப்பாங்க. அவங்க எல்லாரும் நிரந்தரம். நான் குதிக்க முடியாது."

வகுப்புக்குப் போனேன்.

வகுப்பில் மாணவன் நான் ஒருவன். எதிரே தலைவர், தலைமை எழுத்தாளர், கீழெழுத்தாளர்கள் மூன்று பேர். சுவரில் நகரத்தின் பெரிய வரைபடம். தலைமை எழுத்தாளர் கையில் ஒரு நீளக் குச்சி. ஆள் மெலிந்தவர், கண்ணை மூடிக்கொண்டுதான் பேசுவார்.

"பெரியவரே, நீங்க உணர்ச்சிவசப்படுறீங்க. அவை ஏன் கதவைத் திறக்கலை? கல்நெஞ்சம்னு நினைக்கிறீங்க. இல்லை. நடைமுறை. ஒரு நாகரிகம் எவ்வளவு உயர்ந்ததுன்னு எதை வச்சு அளக்குறோம்? ஆபத்து வரும்போதும் அது அவசரப்படாம இருக்கே, அதை வச்சுத்தான்."

"ஆபத்து அவங்களுக்கு வரலையே சார். கீழ இருந்தவங்களுக்குத்தானே வந்துச்சு."

தலைவர் குறுக்கே வந்தார். "அதுதான் பெருமையே. அடுத்தவங்க ஆபத்துலகூடப் பதறாம இருக்குறதுக்கு எவ்வளவு பயிற்சி வேணும்! இந்த வாரியத்துலயே பாருங்க. எங்க கட்டடத்துல அஞ்சாவது மாடியில போன மாசம் தீப்பிடிச்சுது. ஒருத்தர்கூட ஓடலை. முறையா சுற்றறிக்கை விட்டோம். அதுவா அணைஞ்சுடுச்சு."

"அஞ்சாவது மாடியில யாரு சார் இருந்தாங்க?"

"பழைய கோப்புகள்தான். அதனால யாருக்கும் நஷ்டமில்லை. அதுல என்ன இருந்துச்சுன்னு தெரிஞ்சாதானே நஷ்டம்?"

நான் தலையாட்டிக்கொண்டேன். தலைமை எழுத்தாளர் குச்சியால் வரைபடத்தில் சான்றோர் மண்டபத்தைத் தட்டினார். கண்கள் மூடியே இருந்தன.

"இந்த இடத்துல நூறு பேரும் மூழ்குறாங்க. அந்த வசனத்தை எழுத எனக்கு நாலு மாசம் ஆச்சு. எழுதும்போது நானே அழுதேன். அதைப் பார்த்து ஜனங்க விசிலடிக்கிறாங்கன்னா ஜனங்ககிட்டதான் ஏதோ கோளாறு."

எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். கேட்டுவிட்டேன்.

"சார், கதவு திறந்ததும் கீழ்த்தெரு ஜனம் மேல ஓடினாங்களே. அவங்க என்ன ஆனாங்க?"

தலைமை எழுத்தாளர் முதல் தடவையாகக் கண்ணைத் திறந்தார்.

"எந்த ஜனம்?"

"ஓடினாங்களே சார். புள்ளை குட்டி, மூட்டை முடிச்சோட. மேல்நகரத்தைத் தாண்டி மலைப்பக்கம் ஓடினாங்க. அப்புறம் காட்டவே இல்லையே."

அவர் கீழெழுத்தாளர்களைப் பார்த்தார். மூன்று பேரும் கைப்பிரதியைப் புரட்டினார்கள். கடைசியில் ஒருவர் எழுந்து, "சார், அவங்க பின்னணி. காட்சியில இருந்தாங்க, எழுத்துல இல்லை" என்றார்.

"மூழ்குனாங்களா, இல்லையா?"

"நாம மூழ்கடிக்க மறந்துட்டோம் சார்."

ஐயாயிரம் வருடத்து நாகரிகத்தை ஒன்றரை வருடம் உட்கார்ந்து எழுதியவர்கள். சான்றோரின் அங்கியில் எத்தனை மடிப்பு என்று எழுதியிருக்கிறார்கள். நாலாயிரம் பேர் உயிரோடு மலையேறிப் போனதை ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. டிவி பார்த்த ஜனம் கவனித்திருக்கிறது. அழவேண்டிய இடத்தில் விசிலடித்ததற்கு அதுதான் காரணம்.

தலைவர் கொஞ்சமும் கலங்கவில்லை. "இதுல என்ன பிரச்சினை? இப்ப மூழ்கடிச்சிடுங்க."

"நாலாயிரம் பேருக்கு ஆள் பிடிக்கணும் சார்."

"வசனத்துல மூழ்கடிங்கய்யா."

அந்த வாரமே சேர்த்துவிட்டார்கள். கடைசியில் அந்தக் கனத்த குரல், "மேலே ஓடியவர்களும் பின்னர் மூழ்கினர்" என்றது. சவரக் கடையில் ஒருவரும் நம்பவில்லை. "ஓடினதை நாம கண்ணால பார்த்தோம், இவன் வாயால சொல்றான்" என்றார் கடைக்காரர்.

இனி ஒரே வழிதான் என்று வாரியம் விழா எடுத்தது. 'நகரத்துக்கு நீதி' என்று பெயர். பெரிய மண்டபம், எண்ணூறு நாற்காலி. மேடையில் வெள்ளை அங்கியோடு சான்றோராக நடித்த நடிகர்கள். நடுவில் ஒலிபெருக்கி. புரியாமல் இருந்து புரிந்துகொண்ட பார்வையாளர் என்று நான் பேச வேண்டும். பேச்சைத் தலைமை எழுத்தாளரே எழுதிக் கொடுத்தார். மகள் முதல்நாள் மாலை என் சட்டைக்கு இஸ்திரி போட்டாள். சட்டைக் கையின் மடிப்பை மட்டும் மூன்று தடவை தேய்த்தாள். இந்தத் தடவை வாயைத் திறந்து என் சொந்தச் சரக்கை விடக்கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

மேடையேறி, எழுதிக் கொடுத்ததை எழுத்து பிசகாமல் படித்தேன். நம்பியே படித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். குரலில்கூட ஒரு குறை வைக்கவில்லை.

"நான் அறியாமையில் இருந்தேன். நூறு சான்றோரின் பொறுமையை நான் புரிந்துகொள்ளவில்லை."

முன்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தண்ணீர் கழுத்துவரை வந்தபோதும் நனையாத ஓலை கேட்ட அந்த உறுதியை என்னவென்று சொல்வேன்!"

மண்டபம் இடிந்து விழுவதுபோல் சிரிப்பு. நான் நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஏதோ தவறாகப் படித்துவிட்டேன் என்று அதே வரியை இன்னும் அழுத்தமாக மறுபடி படித்தேன். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. "ஜலதோஷம் பிடித்த நூறாவது சான்றோரே, உங்கள் மூக்குக்கு என் வணக்கம்" என்ற இடத்தில் மேடையில் இருந்த நூறாவது சான்றோரே சிரித்து, அவர் தாடி கழன்று மடியில் விழுந்தது. கடைசி வரியைப் படித்து முடித்தபோது எண்ணூறு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். இறங்கும்போது ஒருவர் ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "சூப்பர்ங்க பெரியவரே! மூஞ்சியை அப்படியே வச்சுக்கிட்டு என்னமா கிழிச்சீங்க!"

நான் யாரையும் கிழிக்கவில்லை. என் மகளுக்காக ஒரு பொய்யை ஒழுங்காகச் சொன்னேன். அதையும் நம்ப மாட்டேன் என்கிறது இந்த ஜனம்.

கூட்டத்தில் மகளின் முகத்தைத் தேடினேன். அவள் சிரிக்கவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அந்த இடைப்பட்ட நாளில் வீட்டில் உட்கார்ந்திருப்பாளே, அதே மாதிரி.

அடுத்த நாள் காலை இருவரையும் ஏழாவது மாடிக்குக் கூப்பிட்டார்கள். சீட்டைக் கிழிக்கத்தான் என்று நினைத்துக்கொண்டு போனோம். தலைவர் எழுந்து நின்று வரவேற்றார்.

"ஏழு நிமிஷம் கைதட்டல்! வாரியத்தோட சரித்திரத்துலயே இல்லை. எண்ணூறு பேர் எழுந்து நின்னாங்கன்னா நகரத்தோட பெருமை உள்ள போயிடுச்சுன்னு அர்த்தம்."

"சிரிச்சாங்களே சார்" என்றேன்.

"அதை மகிழ்ச்சி வெளிப்பாடுன்னு அறிக்கையில எழுதியாச்சு." ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். "ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. பேசினது போதாது, எழுத்துல வேணும். நகரம் உயர்ந்தது, கதவுக்காரன் கெட்டவன்னு நான் மனதாரப் புரிந்துகொண்டேன். கீழ கையெழுத்து. அது வந்ததும் உங்க பொண்ணு உத்தரவுல நான் கையெழுத்து."

இரண்டு தாளும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. மகளுடைய உத்தரவில் அவள் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. நான் பேனாவை எடுத்தேன். எடுத்தது உண்மை. தாளின் மேல் முனையை வைத்ததும் உண்மை. அதற்கு மேல் கை போகவில்லை. மேடையில் படித்தது காற்றோடு போய்விட்டது, ஜனமும் நம்பவில்லை, கணக்கு நேராகிவிட்டது. இது தாள். நான் போன பிறகும் இருக்கும். தண்ணீரில் நிற்கிறவனுக்குக் கதவைத் திறந்தவன் கெட்டவன் என்று என் கையெழுத்தோடு ஒரு தாள் இந்தக் கட்டடத்தில் இருக்க வேண்டுமா?

"முடியாதுங்க சார்" என்று பேனாவை வைத்தேன்.

நான் மகளைப் பார்க்கவில்லை. பார்க்கிற தைரியம் இல்லை. அப்போது அவள் கை நீண்டது. தாளைத் தன் பக்கம் இழுத்தாள். நான் வைத்த பேனாவையே எடுத்து, என் பெயரை, அந்தக் கடைசி எழுத்தை நான் கீழே இழுத்து ஒரு சுழி சுழிப்பேனே, அது உட்பட, அப்படியே போட்டாள். பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் அட்டையில் போட்டுப் போட்டுப் பழகிய கை. எனக்கு அது தெரியும், தெரிந்ததாக நான் காட்டிக்கொண்டதில்லை.

என் கண்ணெதிரே, தலைவர் கண்ணெதிரே, என் மகள் என் கையெழுத்தைப் போட்டாள். தலைவர் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். படிவத்தில் இருக்கிற பழைய கையெழுத்தோடு ஒப்பிட்டார். திருப்தியாக முத்திரை குத்தினார். பிறகு அவள் உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

"பாத்தீங்களா பெரியவரே, கடைசியில புரிஞ்சுக்கிட்டீங்க."

"எனக்கு இன்னும் ஒண்ணும் புரியல சார்."

"அடக்கம்!" என்றார் தலைவர். "இதையும் எழுதிக்கோம்மா."

மகள் எழுதிக்கொண்டாள். தலையை நிமிர்த்தவில்லை, ஆனால் உதட்டோரத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் திருட்டுத்தனம் செய்துவிட்டுச் சிரிப்பை அடக்கும்போது அப்படித்தான் கடிப்பாள்.

"நீ கிளம்புப்பா" என்றாள். "எனக்கு வேலை இருக்கு."

ஏழு மாடியும் படியில் இறங்கினேன். லிஃப்டில் ஏற ஆறாவது மாடியில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டுமாம். கீழே கூடத்தில் ஒரு பெண் அட்டையை நீட்டினாள், அதில் ஐந்து முகங்கள். வாரியத்தில் உங்கள் அனுபவம் எப்படி இருந்தது என்று கேட்டாள். கண்ணாடி போட்டுக்கொண்டு வரவில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கண்ணாடி மூக்கின் மேல்தான் இருந்தது.

நூறு பேர் இருந்திருக்கிறார்கள். நட்சத்திரம் தெரிந்தவர்கள், நீதி தெரிந்தவர்கள். ஒருவனாவது எழுந்துபோய் அந்தச் சக்கரத்தில் கை வைத்திருக்க வேண்டாமா? யார் எத்தனை முத்திரை குத்தினால் என்ன, எனக்கு அது இன்றுவரை சரியாகப் படவில்லை. பஸ் நிறுத்தத்தில் கூட்டமாக இருந்தது. நடந்தே வந்துவிட்டேன்.